மல்லாரியும் காப்பீட்டு அட்டையும்

கும்பகோணத்தில் திருவிழா நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிற ஒரு அச்சகத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். கோயில்காரர்கள் எழுதிக்கொண்டு வருகிற தாளில் ‘மங்கள இசை’ என்று போட்டிருக்கும் வரியைத்தான் முதலில் தேடுவேன். எந்த ஊர் நாகஸ்வரம், யார் ஸ்பெஷல் தவில், எத்தனையாம் திருநாளுக்கு யாருடைய செட், அதாவது மேளக் குழு, என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, அன்றைக்கு எந்தக் கோயிலில் புறப்பாடோ அங்கே போய் நின்றுவிடுவேன். டிக்கெட் கிடையாது, இடம் பிடிக்கிற வேலை கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய வரம் என்ன வேண்டும்?

இப்போது எனக்கு வயது 53. இதயத்தில் ஒரு ஸ்டென்ட், அதாவது ரத்தக் குழாய் அடைக்காமல் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாய், இருக்கிறது. சர்க்கரையும் இருக்கிறது. இளைஞர் கணக்கிலும் முதியவர் கணக்கிலும் வராத வயது இது. மாதச் சம்பளம் இல்லாத, ஓய்வூதியம் இல்லாத என் போன்றவர்களுக்கு வைத்தியச் செலவை யார் பார்த்துக்கொள்வது என்பதே பெரிய கேள்வி. இந்தச் சில வருடங்களில் அரசாங்கக் காப்பீட்டைப் பற்றி அலைந்து தெரிந்துகொண்டதையும், உடம்பு தளர்ந்த பிறகும் மேளம் கேட்பதை எப்படி விடாமல் வைத்திருக்கிறேன் என்பதையும் எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் யாருக்காவது ஒரு அலைச்சலாவது குறையட்டும்.

சம்பளம் வாங்கின காலத்தில் எனக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடை, அச்சகம், பட்டறை எல்லாம் அதில் சேர வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது பொருந்தும். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். எனக்குப் பிடித்தம் மாதம் நூறு ரூபாய் சொச்சம்தான். அந்தப் பணத்துக்கு நான், மனைவி, பிள்ளை மூன்று பேரும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். உடம்பு முடியாமல் விடுப்பில் இருந்தால் வருடத்தில் 91 நாள் வரைக்கும் சம்பளத்தில் 70 சதவீதம் கைக்கு வரும். சர்க்கரைக்கான மாத்திரையை அங்கேதான் வாங்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் நிற்க வேண்டும், சீட்டுக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. ஆனாலும் ஒரு தொழிலாளிக்கு அதைப்போல ஒரு பாதுகாப்பு வெளியில் கிடையாது. அதை நான் முழுமனதோடு சொல்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கோயில்களில் திருவிழா நின்றது. கல்யாணங்கள் வீட்டுக்குள்ளேயே நாலு பேரோடு முடிந்தன. நோட்டீஸ் யார் அடிப்பார்கள்? அச்சகம் மறுபடி திறக்கவேயில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம், நிறையப் பேருக்குத் தெரியாதது. வேலை போன அன்றைக்கே இ.எஸ்.ஐ. போய்விடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த வருடம் ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு அதே வருடம் ஜூலை முதல் டிசம்பர் வரை பலன் உண்டு. ஆக, மார்ச்சில் வேலை போன எனக்கு அந்த டிசம்பர் வரை வைத்தியம் கிடைத்தது. சம்பளம் உயர்ந்து 21,000 ரூபாயைத் தாண்டியதால் வெளியே வருகிறவர்களுக்கும் இப்படி ஒரு கால நீட்டிப்பு உண்டு. வேலையை விட்டு நிற்கிறவர்கள் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ‘எனக்கு எந்தத் தேதி வரைக்கும் இருக்கிறது’ என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வேலை இழந்தவர்களுக்குச் சராசரி ஊதியத்தில் பாதியை 90 நாள் வரை கொடுக்கிற ஏற்பாடும் அந்தச் சமயத்தில் இருந்தது. எங்கள் அச்சகத்தில் கேட்டு வாங்கினவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

டிசம்பர் முடிந்ததும் நான் அந்தரத்தில் நின்றேன். வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் வைத்து டைப் அடித்து, டிசைன் செய்து கொடுக்கத் தொடங்கியிருந்தேன். மாதம் எட்டாயிரம், ஒன்பதாயிரம் வரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம் என்றால், அப்போது அதற்கு வருமான வரம்பு வருடத்துக்கு 72,000 ரூபாய். அதாவது மாதம் ஆறாயிரம். என் வருமானம் அதற்கு மேல். தனியார் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் வந்தார். சர்க்கரை இருக்கிறது என்றதும் பிரீமியத்தை ஒரு தொகை சொன்னார், அது எங்கள் இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவு. 2021 முழுக்க வீட்டில் யாருக்கும் எதுவும் வரக்கூடாதே என்ற பயத்திலேயே கழிந்தது. ‘வருமானத்தைக் குறைச்சு எழுதி வாங்கித் தர்றேன்’ என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று விட்டேன். நாளைக்கு ஆபரேஷன் மேஜையில் படுத்திருக்கும்போது அந்தத் தாள் செல்லாது என்று ஆகிவிட்டால் யார் வந்து நிற்பார்கள்? பொய்ச் சான்றிதழ் உதவிக்கு வராது என்பதை யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

2022ல் அந்த வரம்பை 1,20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதுதான் எங்களுக்குக் கதவைத் திறந்தது. 2012 ஜனவரியில் தொடங்கிய திட்டம் இது. அதற்கு முன்பு 2009லேயே கலைஞர் பெயரில் ஒரு காப்பீட்டுத் திட்டம் இருந்தது. 2018ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்த பிறகு ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்றாகிவிட்டது. அட்டை வாங்கக் காசு கிடையாது.

சேர்வதற்கு வேண்டியவை மூன்று: ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனால், ஒருநாள் அவர் ஃபீல்டுக்குப் போயிருப்பார், ஒருநாள் தாலுகா ஆபீஸில் மீட்டிங். அது கிடைத்ததும் தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் திட்டத்துக்கென்று இருக்கிற மையத்துக்குப் போக வேண்டும். எங்களுக்குச் சிக்கல் வந்தது பெயரில். என் மனைவிக்கு ரேஷன் அட்டையில் என் பெயர் ஒட்டியிருக்கிறது, ஆதாரில் அவள் அப்பா பெயர் ஒட்டியிருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வரச் சொன்னார்கள். அம்மா பெயர் என் தம்பியின் ரேஷன் அட்டையில் இருந்ததால் அவர் என் அட்டையில் வரமாட்டார் என்றார்கள். சரி, தம்பியை அவன் இருக்கிற மாவட்டத்தில் எடுக்கச் சொன்னேன். அவனும் எடுத்துவிட்டான்.

இதிலிருந்து நான் சொல்வது இதுதான்: இன்று ராத்திரியே ரேஷன் அட்டையையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இ-சேவை மையத்தில் திருத்துவதற்கு உடம்பு நன்றாக இருக்கும்போதுதான் நேரமும் தெம்பும் இருக்கும். நெஞ்சு வலிக்கிறபோது இன்ஷியல் திருத்த முடியாது. அட்டை வந்ததும் அதிலுள்ள எண்ணைப் போட்டோ எடுத்து வீட்டில் எல்லார் போனிலும் அனுப்பிவிடுங்கள். என் மனைவி இன்னொன்றும் செய்தாள். திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993ஐ அடுப்படிச் சுவரில் காலண்டருக்குக் கீழே பேனாவால் எழுதி வைத்தாள்.

மறு வருடம் ஐப்பசியில் மனைவியின் ஊருக்குப் போயிருந்தோம். சாயங்காலத்திலிருந்தே மேல் வயிறு பிசைகிற மாதிரி இருந்தது. வாயு என்று சோடா குடித்தேன். ராத்திரி இடது தோளும் தாடையும் வலித்து, சட்டை நனைகிற அளவு வியர்த்துவிட்டது. மைத்துனன் பைக்கில் உட்காரவைத்து அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே இருந்த நர்ஸ் அம்மா கை நடுங்காமல் ஒரு கை நிறைய மாத்திரை கொடுத்து விழுங்கச் சொன்னார். 2023ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் அது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரை. ரத்தம் மேலும் உறையாமல் தடுத்து, பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர அவகாசம் கொடுக்கிற முதல் டோஸ். அப்புறம் 108ல் ஏற்றி அனுப்பினார்கள். அரசு மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்து, அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். இது வரைக்கும் ஒரு ரூபாய் செலவில்லை, யாரும் அட்டை எங்கே என்று கேட்கவும் இல்லை. நெஞ்சு வலித்தால் ‘நல்ல ஆஸ்பத்திரி’ தேடிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் காரில் போகாதீர்கள். பக்கத்தில் இருக்கிற அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் போங்கள். நான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவது அந்த நர்ஸ் அம்மாவால்.

ஆஞ்சியோ செய்து இதயக் குழாயில் அடைப்பு எங்கே என்று பார்க்க வேண்டும் என்றதும், திட்டத்தில் இருக்கிற ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கலாம் என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். பெயரும் ஊரும் வேண்டாம். அங்கேதான் மல்லுக்கட்டு தொடங்கியது. பில்லிங் கவுண்டரில் இருந்த பையன், ‘அட்டை செல்லும்மா. ஆனா அப்ரூவல் வர்றதுக்குள்ள ஆஞ்சியோவுக்கு நீங்க கட்டிடுங்க’ என்றான். கொஞ்ச நேரம் கழித்து வேறொருவர் வந்து, ‘திட்டத்துல சாதா ஸ்டென்ட்தான் வரும். நல்லதா வேணும்னா வித்தியாசத்தைக் கட்டணும்’ என்றார். படுக்கையில் கிடக்கிறவனுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். என் மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றப் போகவில்லை. வராந்தாவுக்குப் போய், சுவரில் எழுதி வைத்த அந்த எண்ணுக்கு போன் போட்டாள். அட்டை எண், மருத்துவமனை பெயர், என்ன சிகிச்சை, என்ன தொகை கேட்கிறார்கள், யார் கேட்டார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். திட்டத்தில் வரும் சிகிச்சைக்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை என்று சொல்லி, புகாரைப் பதிவு செய்துகொண்டு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணோடு அவள் மருத்துவமனையில் இருக்கும் திட்டத் தொடர்பு அலுவலரைத் தேடிப் போனாள். திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் இதற்கென்று ஒரு மேஜையும் ஒரு ஆளும் உண்டு. பில்லிங் கவுண்டர் வேறு, அந்த மேஜை வேறு. நேரே அங்கே போவதுதான் சரி. சாயங்காலம் அப்ரூவல் வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். வித்தியாசப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

பேசும்போது மூன்று விஷயத்தில் அவள் உறுதியாக இருந்தாள். ஒன்று, பணம் கேட்டால் எதற்கு என்று தாளில் எழுதித் தரச் சொல்வது. எழுதச் சொன்னாலே பாதிப் பேச்சு நின்றுவிடும். இரண்டு, கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காமல் இருப்பது. மூன்று, குரலை உயர்த்தாமல் இருப்பது. ஸ்டென்ட் விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2017 பிப்ரவரியிலேயே மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு உச்சவிலை நிர்ணயித்துவிட்டது. திட்டத்தில் இல்லாமல் சொந்தக் காசில் வைத்துக்கொள்கிறவர்கள்கூட பில்லில் ஸ்டென்ட் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

டிஸ்சார்ஜ் ஆனதோடு செலவு முடிவதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கொழுப்புக்கு, பிரஷருக்கு, சர்க்கரைக்கு என்று தினமும் ஒரு பிடி. எங்கள் தெருவுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஒரு பெண் சுகாதாரத் தன்னார்வலர் வருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷர், சர்க்கரை பார்த்து, மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துவிடுகிறார். அவரிடம் இல்லாத மாத்திரையை மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ வாங்கிக்கொள்கிறேன். கம்பெனி பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். டாக்டரிடம் மருந்துப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

சரி, மேளத்துக்கு வருகிறேன்.

வீட்டில் படுத்திருந்த வாரங்களில் எனக்கிருந்த பெரிய ஏக்கம் அது ஒன்றுதான். தூரத்தில் எங்கேயோ தவில் சத்தம் கேட்கும். எந்தக் கோயில், எந்த வீதி என்று காதாலேயே தேடிக்கொண்டிருப்பேன். மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் நேராகவே கேட்டேன், ‘சார், ராத்திரி சுவாமி புறப்பாட்டுக்குப் போகலாமா?’ அவர், ‘எவ்வளவு வேகமா நடப்பீங்க, எவ்வளவு நேரத்துக்கு ஒருதடவை நிப்பீங்க?’ என்றார். நாலு வீதி சுற்ற மூன்று மணி நேரம் ஆகும், ஒவ்வொரு முக்கிலும் நிற்கும், வழியில் சுவாமியை இறக்கிப் பூஜை செய்கிற மண்டகப்படி இருந்தால் இன்னும் நிற்கும் என்றேன். ‘அப்ப தாராளமா போங்க. இதைவிட மெதுவான நடையை நானே எழுதித் தர முடியாது’ என்றார். அந்த வார்த்தை எனக்கு மாத்திரையைவிடப் பெரிய மருந்தாக இருந்தது.

கேட்டுப் பழகாதவர்களுக்காக ஒரு புறப்பாட்டை மட்டும் சொல்கிறேன். சுவாமியைத் தோளில் ஏற்றுவதற்கு முன் தவில் மட்டும் தனியாக முழங்கும். அப்புறம் நாகஸ்வரத்தில் மல்லாரி, கம்பீர நாட்டை ராகத்தில். அதற்குச் சாகித்யம், அதாவது பாட்டு வரி, கிடையாது, முழுக்கத் தாளச் சொற்களாலான ஜதிக்கட்டுதான். தேர் கிளம்பும்போது தேர் மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, அபிஷேகத் தண்ணீர் எடுத்து வரும்போது தீர்த்த மல்லாரி. காதில் விழுகிற மல்லாரியை வைத்தே கோயிலுக்குள் என்ன நடக்கிறது என்று தெருவில் நிற்கிறவர் சொல்லிவிடலாம். ராஜகோபுரத்தைத் தாண்டி வீதிக்கு வந்ததும் ராகம் தொடங்கும். ஒரு தோடி, ஒரு கரகரப்பிரியா என்று எடுத்தால் ஒரு வீதி முழுக்க அதே ராகம்தான். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வாசிப்பு பிறந்து வளர்ந்தது இந்த வீதிகளில்தான். மேடையில் இரண்டு மணி நேரக் கச்சேரியில் அந்த விஸ்தாரத்துக்கு ஏது இடம்?

முக்கில் மேளம் நிற்கும்போது பக்கத்தில் போய்ப் பாருங்கள். தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார், இடது கையில் குச்சி. அந்தக் கூடு தோலில் படும்போது வருகிற நறுக்கென்ற சத்தமும், குச்சி மறுபக்கத்தில் கொடுக்கிற கும் என்ற சத்தமும் சேர்ந்து நெஞ்சுக்கூட்டில் வந்து இறங்கும். நாகஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே இடையில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியை எடுத்து எச்சிலில் நனைத்து, கழுத்தில் தொங்கும் கொத்திலிருந்து இன்னொன்றை மாற்றுவார். அந்தச் சீவாளி திருவாவடுதுறைப் பக்கத்தில் நாணல் தட்டையில் செய்வது. வாத்தியம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தது, அதற்கு 2022ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எல்லாம் எங்கள் ஊரைச் சுற்றிச் சில மைல் தூரத்துக்குள். இதை நேரில் நின்று கேட்காமல் போனில் கேட்டுக்கொண்டு திருப்திப்பட என்னால் முடியாது.

ஆனால் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பழகிப்போன முறை இது. நாலு வீதியும் கூடவே நடக்க வேண்டும் என்பதில்லை. மேளம் எந்த முக்கில் அதிக நேரம் நிற்கும் என்று கோயில் காவல்காரரான மெய்க்காவலரிடமோ செட்டில் உள்ளவர்களிடமோ கேட்டால் சொல்லிவிடுவார்கள். முன்கூட்டியே போய் அந்த முக்கில் ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிடுவேன். சுவாமிக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி வரும். அந்த டீசல் புகை இதய நோயாளிக்கு ஆகவே ஆகாது. எப்போதும் மேளத்துக்கு முன்பக்கமாக, காற்று வரும் திசையில் நிற்க வேண்டும். வாணவேடிக்கை தொடங்கினால் இரண்டு வீடு தள்ளிப் போய்விடுவேன். இரவுச் சாப்பாட்டை முடித்து, மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் கிளம்புவது. சர்க்கரைக்காரர்கள் பிரசாதமாகச் சர்க்கரைப் பொங்கல் வாங்கினால் ஒரு வாய் எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டுவிட்டு மீதியைப் பக்கத்தில் இருக்கிற குழந்தைக்குக் கொடுக்கலாம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் சட்டைப் பையில் இருக்கட்டும். அதை உட்கார்ந்துகொண்டுதான் போட வேண்டும், நின்றுகொண்டு போட்டால் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு.

முக்கியமானது கால். திருவிழாவில் செருப்பில்லாமல் நடப்போம். சர்க்கரையால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தேரோட்டத்தன்று பகல் வெயிலில் தார்ச்சாலை சுடுவது தெரியவே தெரியாது. சாயங்காலம் பார்த்தால் கொப்புளம் இருக்கும், அது புண்ணாகிப் போனவர்களை எனக்குத் தெரியும். பகல் தேருக்குச் செருப்போடு போய் வீதி ஓரம் நிற்பதில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் வீட்டில் இருப்பவர்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நிற்கவே முடியாதவர்களுக்குத் திருவையாறு இருக்கிறது. மார்கழிக் கடைசியிலோ தையிலோ, பெரும்பாலும் ஜனவரியில், வரும் பகுள பஞ்சமி என்கிற தேய்பிறைப் பஞ்சமியை ஒட்டித் தியாகராஜ ஆராதனை. காவிரிக் கரையில் பந்தல் போட்டிருப்பார்கள், காசு கிடையாது, நாள் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் பாடிக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருப்பார்கள். பேர் பெற்றவருக்கும் நேற்று அரங்கேறின பிள்ளைக்கும் அதே சின்ன அவகாசம்தான். தியாகராஜரின் ஐந்து பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்தினம் பாடும் நாளில் கூட்டம் தாங்காது. என் வயதுக்காரர்கள் அதற்கு முந்தைய நாட்களில் மத்தியானமாகப் போனால் நிம்மதியாக உட்கார்ந்து கேட்கலாம்.

இப்படிப் போன ஒரு புறப்பாட்டில்தான் எனக்குப் பல வருடமாகத் தெரிந்த தவில்காரர் ஒருவர், வடக்கு வீதி முக்கில் டீ குடிக்கும்போது, ‘தம்பி, உங்களுக்கு ஆபரேஷன் ஆச்சாமே, எவ்வளவு ஆச்சு?’ என்று கேட்டார். செலவில்லை என்றதும் நம்பவில்லை. அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது அதிகம். பிரஷர் இருக்கிறது. அட்டை இல்லை. முகாம் போட்ட நாட்களில் எல்லாம் அவர் வெளியூர்க் கல்யாணத்தில் இருந்திருக்கிறார். வைகாசி, ஆவணி, தையில் தூங்க நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் வீட்டில் அரிசி இருக்காது. சம்பளமும் இல்லை, முதலாளியும் இல்லை என்பதால் இ.எஸ்.ஐ.க்கு வழியே கிடையாது. ராத்திரி முழுக்க வாசித்துவிட்டு விடியற்காலையில் வேனில் அடுத்த ஊருக்கு ஓடுகிறவர்கள் இவர்கள். நாம் திண்ணையில் சாய்ந்து கேட்கும் இந்தச் சங்கீதம் இவர்கள் உடம்பை உருக்கித்தான் வருகிறது. அவர்களுக்கு ஒரு காப்பீட்டு அட்டைகூட இல்லாமல் இருப்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

‘அண்ணே, ஆடி மாசம் உங்களுக்கு ஓய்வுதானே, அப்ப போயிடலாம்’ என்றேன். போனோம். வருமானச் சான்றுக்கு அவர் என்ன தொகை சொல்வது என்றே தெரியாமல் தவித்தார். முகூர்த்த மாதங்களில் வந்ததையும் வராத மாதங்களையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டோம். வரம்புக்குள்தான் இருந்தது. வருடத்தில் சில மாதம் மட்டும் சம்பாதிக்கிற யாரும் இப்படி ஒரு கணக்கை எழுதிக்கொண்டு போவது நல்லது. ‘சீசன்ல நல்லா வருமே’ என்று கேட்கும்போது பதில் சொல்ல அந்தத் தாள் உதவும். அவருக்கு அட்டை வந்துவிட்டது. அவர் சொல்லி, அதே செட்டில் தாளம் போடுகிற பையனும் எடுத்துவிட்டான். சாலை விபத்தானால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டையே தேவையில்லை, ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் அது வந்துவிடும் என்பதையும் அவர்கள் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். வேனில் ராத்திரிப் பயணம் போகிறவர்களுக்கு அது அவசியம் தெரிய வேண்டும்.

நாகஸ்வரம் வாசிக்கிறவருக்குத்தான் இன்னும் முடியவில்லை. அவர் மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள், ஆனால் பெயர் இன்னும் அப்பா ரேஷன் அட்டையிலேயே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, மருமகன் வீட்டு அட்டையில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் இரண்டு குடும்பத்துக்கும் காப்பீட்டு அட்டை சிக்கலில்லாமல் வரும். இந்தப் புரட்டாசியில் கல்யாணம் இல்லை, அவர் ஊரில்தான் இருப்பார். திங்கட்கிழமை காலையில் இ-சேவை மையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.